மெதுவாக இறங்கியது சரி, எங்கே இறங்கியது?

கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் விமானம் ஓட்டுபவர்களிடம் லேண்டிங் எப்படி என்று கேட்டால் பதில் ஒரு எண்ணாகத்தான் வரும். மைனஸ் எண்பது, மைனஸ் நூற்றி இருபது, எப்போதாவது குரலில் பெருமையோடு மைனஸ் முப்பது. நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கிக்கொண்டிருந்தபோது சக்கரம் தரையில் பட்டது என்ற அந்த ஒரு கணக்கு மொத்தப் பயணத்துக்கும் மதிப்பெண் ஆகிவிட்டது. பெங்களூரில் கிளம்பியது, வானிலை பார்த்தது, எரிபொருள் கணக்குப் போட்டது, ரன்வேயை நோக்கி இறங்கும் அப்ரோச்சை ஒழுங்காகப் பிடித்து வந்தது, எதற்கும் அங்கே இடம் கிடையாது. எண் சின்னதாக வந்தால் 'பட்டர்', பெரிதாக வந்தால் முகம் வாடிவிடும். இந்த வழக்கம் எனக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஏன் உறுத்துகிறது என்று எடுத்துச் சொல்ல வார்த்தை கிடைக்கவில்லை. இப்போது கிடைத்திருக்கிறது.

எங்கள் வீட்டில் சிமுலேட்டருக்கு இரண்டு பேர் போட்டி. நானும் என் அக்கா மகனும். அவன் இன்ஜினியரிங் படிக்கிறான், விடுமுறையில் புதுச்சேரி வந்தால் என் மேஜையை விட்டு எழுந்திருக்க மாட்டான். மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டருக்கு 2023-இல் ஏடிஆர் விமானங்கள் வந்த பிறகு எங்கள் இருவருக்கும் பிடித்த வேலை ஏடிஆர் 72-ஐ லாஸ்பேட்டை விமான நிலையத்தில் இறக்குவதுதான். நிஜத்திலும் இங்கே இப்போது வந்துபோவது அதே விமானம். 2024 டிசம்பரில் பெங்களூர், ஹைதராபாத் சேவை மறுபடி தொடங்கியதிலிருந்து அந்த விசிறி இன்ஜினின் (டர்போப்ராப்) சத்தம் ஊருக்குப் பழகிவிட்டது. கடற்காற்று வீசும் மதியங்களில் கிழக்குப் பார்த்த 07 ரன்வேயில் இறங்குவோம். ரன்வேக்கு நேராக இறங்கும் கடைசிக் கட்டமான ஃபைனலில் ஊசுட்டேரி கீழே ஓடும், அப்புறம் கட்டடங்கள், நேரே கடல். ஜன்னலைத் திறந்தால் தெரிகிற ஊரைத் திரையில் மேலிருந்து பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது, அதை விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அக்கா மகன் சிமுலேட்டரோடு சேர்ந்து ஓடும் ஒரு இலவச ஆட்-ஆன் போட்டு வைத்திருந்தான். சக்கரம் பட்ட உடனே திரையின் மூலையில் எண் வந்து நிற்கும், பக்கத்தில் நட்சத்திரங்கள். நூறுக்குக் கீழே என்றால் ஐந்து நட்சத்திரம். அவன் எண்கள் எப்போதும் என்னுடையதை விடச் சின்னவை. "சித்தி, நீங்க தரையை இடிச்சுட்டுத்தான் நிக்கிறீங்க" என்பான். எனக்கு இருநூறு, இருநூற்றைம்பது வரும். ஆனால் அவன் இறக்குவதைப் பின்னால் நின்று பார்க்கும்போது வயிற்றில் ஏதோ பிசையும். என் லேண்டிங்கில் அது வராது. எண் சொல்வதற்கும் வயிறு சொல்வதற்கும் ஏன் இந்த வித்தியாசம் என்பதுதான் என்னைத் துரத்திய கேள்வி.

பெரியப்பா கேட்ட கேள்வி

என் பெரியப்பா விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்தில் பாதிக்கு மேல் லேண்டிங் கியர், அதாவது சக்கரமும் அதைத் தாங்கும் காலும், அந்தப் பக்கம்தான். கம்ப்யூட்டர் விளையாட்டு என்றாலே எழுந்து போய்விடுகிறவர், ஒரு மழை நாளில் கரண்ட் வந்த பிறகும் எங்கள் அறையிலேயே உட்கார்ந்திருந்தார். அக்கா மகன் ஒரு லேண்டிங் முடித்தான். மைனஸ் 61. ஐந்து நட்சத்திரம். அடுத்து நான் இறக்கினேன். மைனஸ் 236, இரண்டு நட்சத்திரம். அவன் ஜெயித்துவிட்டதாகக் கையைத் தூக்கினான்.

பெரியப்பா நட்சத்திரத்தைப் பார்க்கவே இல்லை. "ரெண்டையும் திரும்பப் போட முடியுமா? வெளியிலிருந்து, பக்கவாட்டில?" என்றார். ரீப்ளே போட்டோம். அவனுடைய விமானம் ரன்வே ஆரம்பத்தைத் தாண்டி, மூக்கை லேசாகத் தூக்கி, தரைக்கு ஒரு ஆள் உயரத்துக்கு மேல் மிதந்துகொண்டே போனது. போய்க்கொண்டே இருந்தது. "இன்னும் தொடலையா?" என்றார் பெரியப்பா. "தொடும் தாத்தா, இருங்க." தொட்டது. படாத மாதிரி பட்டது, அழகாகத்தான் இருந்தது. "எங்க தொட்ட?" என்று கேட்டார். அவனுக்குப் புரியவில்லை. "ரன்வேயிலதான் தாத்தா." "ரன்வே எவ்வளவு நீளம்? அதுல எங்க?"

எனக்கு இதை எழுதும்போதும் அந்தக் கேள்வி கேட்கிறது. அத்தனை நாளும் நாங்கள் இருவரும் எவ்வளவு மெதுவாக என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தோம், எங்கே என்று யாரும் கேட்டதில்லை. பதிவான தரவைத் திறந்து தூரத்தைக் கணக்குப் போட்டேன். அவன் தொட்டது ரன்வே தொடக்கத்திலிருந்து கிட்டத்தட்ட 790 மீட்டரில். நான் தொட்டது 330-இல். புதுச்சேரி ரன்வே சுமார் 1500 மீட்டர்தான். அவன் பாதிக்கு மேல் காற்றிலேயே செலவழித்திருந்தான். ஏடிஆர் அந்த நேரத்தில் நொடிக்கு ஐம்பது மீட்டருக்கு மேல் ஓடுகிறது, மிதந்த ஒன்பது நொடிக்கு என்ன விலை என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். சிமுலேட்டரில் ரன்வே காய்ந்து கிடந்தது, காற்று எதிரே வந்தது, நின்றுவிட்டது. ஜன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருந்த மழையைப் பெரியப்பா கையால் காட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, என் பக்கம் திரும்பி, "கியர் இருக்கிறதே அடி வாங்கத்தாம்மா. அது வாங்கிக்கும். உன்னோடது கியருக்கு ஒண்ணுமே இல்ல" என்றார். ஹார்டு லேண்டிங் ஆன விமானத்தில் என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று சொல்ல ஆரம்பித்தார்: டயர், அதிர்ச்சியை வாங்கும் ஓலியோவில் எண்ணெய்க் கசிவு, கியர் பொருந்தும் இடம், இறக்கைத் தகட்டில் சுருக்கம், எரிபொருள் ஒழுகல், இன்ஜின் மவுண்ட். ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்க்கிற மாதிரி சொன்னார். அந்த வேலைக்குக் கொண்டுவந்துவிடும் அடி எவ்வளவு பெரியது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரிய பயணிகள் விமானங்களுக்கான சான்றளிப்பு விதி இங்கே தெளிவாக இருக்கிறது. வடிவமைப்பு லேண்டிங் எடையில் நொடிக்கு 10 அடி வேகத்தில் தரையில் பட்டாலும் கட்டமைப்பு தாங்க வேண்டும், முழு டேக்-ஆஃப் எடையில் என்றால் நொடிக்கு 6 அடி. நம் எண்ணுக்கு மாற்றினால் நிமிடத்துக்கு 600, 360. கீழ்நோக்கிய வேகத்தின் ஆற்றல் அந்த வேகத்தின் வர்க்கமாக ஏறும் என்பதால், 236 என்பது 600-க்கான ஆற்றலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 61-க்கும் 236-க்கும் நட்சத்திரம் காட்டுகிற வித்தியாசம் விமானத்துக்குப் பெரிதாகத் தெரியவே தெரியாது. அதே நேரத்தில் 450-ஐயும் 600-ஐயும் 'கொஞ்சம் மோசம், இன்னும் கொஞ்சம் மோசம்' என்று நேர்கோட்டில் வரிசைப்படுத்துவதும் தப்பு. அந்த இடத்தில் ஒவ்வொரு அடியும் மிகக் கனமானது.

மிதந்தவர்கள்

இதை வெறும் மேஜை விவாதமாக என்னால் பார்க்க முடியவில்லை. 2010 மே 22 அன்று மங்களூரில் 158 பேர் இறந்த விபத்தில், விமானம் தரை தொட்டது ரன்வே தொடக்கத்திலிருந்து சுமார் 5200 அடியில். 2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில், நனைந்த ரன்வேயில், பின்காற்றோடு வந்த விமானம் 8858 அடி ரன்வேயில் 4438 அடி தள்ளித் தொட்டது. 21 பேர் போனார்கள், விமானிகள் இருவரும் சேர்த்து. இரண்டிலும் வேகமும் உயரமும் சரியாக நிலைப்படாத அப்ரோச்சைக் கைவிடாமல் தொடர்ந்ததே விசாரணையில் முதன்மையான காரணமாகச் சொல்லப்பட்டது. இரண்டுமே மேஜை மேல் வைத்ததுபோல உயரத்தில் இருக்கும் ரன்வேக்கள், முடிவுக்கு அப்பால் பள்ளம். இந்த இரண்டு அறிக்கைகளையும் படித்தவர்கள் யாரும் முதலில் கேட்பது, கீழ்நோக்கிய வேகம் எவ்வளவு என்பதாக இருக்காது.

இன்னொன்று, மெதுவாகப் படுவதே நேரடியாகக் கெடுதல் செய்யும் சூழ்நிலையும் உண்டு. 1993 செப்டம்பர் 14, வார்சா. மழை, பலமான காற்று. ஒரு ஏர்பஸ் ஏ320 முதலில் வலப்பக்கக் கியரில் தொட்டது, இடப்பக்கக் கியர் முழுதாக அமர ஒன்பது நொடி ஆனது. தரையில்தான் இருக்கிறோம் என்று அந்த விமானத்தின் அமைப்பு நம்ப வேண்டுமானால் இரண்டு கியரும் அமுங்க வேண்டும், அல்லது சக்கரங்கள் குறிப்பிட்ட வேகத்தில் சுழல வேண்டும். தண்ணீர்ப் படலத்தின் மேல் சறுக்கிக்கொண்டிருந்த சக்கரம் சுழலவில்லை, கியர் அமுங்கவில்லை. இறக்கையின் தூக்குவிசையைக் குறைக்கும் ஸ்பாய்லரும் இன்ஜின் உந்துதலை எதிர்த்திசைக்குத் திருப்பும் ரிவர்சும் அந்த நேரம் முழுக்கக் காத்துக்கொண்டிருந்தன. இரண்டு உயிர்கள் போயின. நனைந்த ரன்வேயில் உறுதியாக உட்கார வை என்று விமானிகளுக்குச் சொல்லித் தருவது இதனால்தான். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் நனையும் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் இருந்துகொண்டு பட்டர் லேண்டிங்குக்கு ஐந்து நட்சத்திரம் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உலுக்காமல் பிரேக் அடித்து, ஸ்டாப்பைத் தாண்டி நூறு அடி தள்ளி நிறுத்துகிற பஸ் டிரைவரை நம் ஊரில் யாராவது நல்ல டிரைவர் என்பார்களா?

அந்த எண்ணே எவ்வளவு உறுதி?

சரி, எங்கே தொட்டோம் என்பதைச் சேர்த்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துத்தான் தரவை நோண்ட ஆரம்பித்தேன். அங்கே இன்னொரு சங்கதி கிடைத்தது. ஒரே லேண்டிங்கை மூன்று கருவிகளில் பதிவு செய்தால் மூன்று எண் வருகிறது. வித்தியாசம் ஐந்து பத்து என்றால் விட்டுவிடலாம், நாற்பது ஐம்பது வருகிறது. நட்சத்திரமே மாறிவிடும் அளவு.

முதல் காரணம் ஃப்ரேம் ரேட், அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது. என் லேப்டாப்பில் ஊருக்கு மேலே வரும்போது நொடிக்கு இருபது ஃப்ரேம்தான் ஓடும், அதாவது ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் நடுவே 50 மில்லி விநாடி. சக்கரம் தொட்ட பிறகு கீழ்நோக்கிய வேகம் பூஜ்யமாக ஆகும் நேரமே ஏறக்குறைய 300 மில்லி விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கருவி ஒரு ஃப்ரேம் தாமதமாக எட்டிப் பார்த்தால் ஆறில் ஒரு பங்கு வேகம் ஏற்கெனவே ஓலியோவுக்குள் போயிருக்கும். 240 வந்திருக்க வேண்டிய இடத்தில் 200 வரும். மெதுவான கம்ப்யூட்டர் வைத்திருப்பவர் நன்றாக இறக்கியதுபோலத் தெரிவார். இது நியாயமில்லை.

சில கருவிகள் விமானத்தின் செங்குத்து வேகமானியைப் படிக்கின்றன. அழுத்தத்தை வைத்து ஓடும் அந்த மானி இயல்பிலேயே பின்தங்கித்தான் காட்டும். தொடுவதற்கு முன் மூக்கைத் தூக்கும் ஃப்ளேரில் இறக்கம் குறைந்துகொண்டே வரும்போது அது பழைய, பெரிய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று டிகிரி சரிவில் 110 நாட் (மணிக்குச் சுமார் 204 கிலோமீட்டர்) வேகத்தில் வரும் ஏடிஆர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 580 அடி இறங்குகிறது, அதை நான்கைந்து நொடிக்குள் இருநூறுக்குக் கொண்டுவருகிறோம். அந்த நேரத்தில் ஒரு நொடி பின்தங்கினாலே எண் எங்கோ போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த காரணம் ரன்வேயின் சாய்வு. 110 நாட் என்பது நிமிடத்துக்குப் பதினோராயிரம் அடிக்குச் சற்று மேல். ரன்வே ஒரு சதவீதம் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தால், தரையே நிமிடத்துக்கு 111 அடி வேகத்தில் உங்களை நோக்கி ஏறி வருகிறது. கடல்மட்டத்தை வைத்துப் பார்த்தால் நீங்கள் 100-இல் இறங்கியிருப்பீர்கள், கியருக்குக் கிடைத்த அடி 211. கீழ்நோக்கிச் சாய்ந்த ரன்வேயில் தலைகீழ். மைக்ரோசாஃப்டின் பழைய சிமுலேட்டரான எஃப்எஸ்எக்ஸில் விமான நிலையங்களே தட்டையானவை, அதனால் இந்தச் சிக்கல் எழவில்லை. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் ரன்வே நிலத்தின் வளைவைப் பின்பற்றுமாறு வைக்க முடியும், புதிய மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரிலும் சாய்வு உண்டு. எனவே தரையோடு ஒப்பிட்ட வேகமா, பூமியோடு ஒப்பிட்ட வேகமா என்பதைக் கருவி சொல்லாவிட்டால் எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரே தொட்ட கணத்தின் தரைக்குச் செங்குத்தான வேகத்தைத் தனி மாறியாகத் தருகிறது. ஆட்-ஆன் செய்பவர்கள் முதலில் அதை எடுத்துக்கொண்டாலே பாதிக் குழப்பம் போகும்.

துள்ளலையும் சொல்ல வேண்டும். முதலில் 80-இல் தொட்டு, எழும்பி, இரண்டாவது முறை 400-இல் விழுந்தால் எது உங்கள் எண்? முதல் தொடலை மட்டும் பதிவு செய்துவிட்டு வாழ்த்துச் சொல்லும் கருவியை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் இப்போது அளக்கும் விதம்

ஃப்ளைட்கியர் என்ற சிமுலேட்டர் திறந்த மூலம் என்பதால் சோதனைகளை அதில் செய்கிறேன். அதன் ஜேஎஸ்பிசிம் இயக்க மாதிரி வழக்கமாக நொடிக்கு 120 முறை கணக்கிடுகிறது. தரையிலிருந்து உயரம், ஒவ்வொரு கியரிலும் எடை விழுந்ததா, கியர் எவ்வளவு அமுங்கியது, தரைவேகம், மூக்கின் கோணம், இறக்கைகளின் சாய்வு, இருக்கும் இடம் எல்லாவற்றையும் கோப்பில் எழுதச் சொல்லிவிடலாம். அப்புறம் ஒரு சின்ன பைத்தான் நிரல். ஒரே ஒரு கணத்தின் எண்ணை நம்பாமல், முதல் கியரில் எடை விழுவதற்கு முந்தைய அரை நொடியின் உயரங்களை எடுத்து அவற்றின் ஊடே ஒரு கோடு பொருத்துகிறேன். அந்தக் கோட்டின் சரிவுதான் இறங்கும் வேகம். உயரம் தரையிலிருந்து அளக்கப்படுவதால் ரன்வேயின் சாய்வு தானாகவே உள்ளே வந்துவிடுகிறது. ஒரு ஃப்ரேம் முன்னே பின்னே போனாலும் எண் ஆடுவதில்லை. ஃப்ளேர் ரொம்பக் கூர்மையாக இருந்தால் நேர்கோடு பொருந்தாது, அப்போது வளைகோடு.

ஆனால் அந்த எண்ணை முதல் வரியில் காட்டுவதில்லை. முதல் வரி, தொட்ட இடம். ரன்வேயின் முதல் மூன்றில் ஒரு பங்கு அல்லது 3000 அடி, எது குறைவோ அதற்குள் தொட வேண்டும் என்பது பல விமான நிறுவனங்கள் வைத்திருக்கும் விதி. புதுச்சேரிக்கு அது 500 மீட்டர். இந்த நீளமுள்ள ரன்வேக்கு இலக்குக் குறி 300 மீட்டரில் வரைவதுதான் சர்வதேச வழக்கம், மூன்று டிகிரி சரிவில் 50 அடி உயரத்தில் ரன்வே தொடக்கத்தைக் கடந்தால் கோடு போய்ச் சேரும் இடமும் கிட்டத்தட்ட அதேதான். 500-ஐத் தாண்டித் தொட்டால் என் நிரல் இறங்கும் வேகத்தைக் காட்டவே காட்டாது, 'கோ-அரவுண்ட்', அதாவது இறங்காமல் மேலேறிச் சுற்றி வா, என்று மட்டும் சொல்லும். அடுத்த வரி, தொட்டபோது வேகம் இருக்க வேண்டியதைவிட எத்தனை நாட் கூடுதல். அதற்கடுத்து நடுக்கோட்டிலிருந்து விலகல், விமானம் ஓடும் திசையிலிருந்து மூக்கு எத்தனை டிகிரி திரும்பியிருந்தது. இறங்கும் வேகம் கடைசியில் வரும், அதுவும் மூன்று வகையாக: 360 வரை சாதாரணம், அதிலிருந்து 600 வரை கவனிக்க வேண்டியது, அதற்கு மேல் பெரியப்பாவின் பரிசோதனைப் பட்டியல். 360-க்குள் எது சின்ன எண் என்று ஒப்பிட வழி வைக்கவில்லை.

அக்கா மகனுக்கு இது பிடிக்கவில்லை. "எல்லாத்தையும் சேர்த்து ஒரு மார்க் போடுங்க சித்தி, இல்லன்னா யாரு ஜெயிச்சாங்கன்னு எப்படித் தெரியும்?" என்கிறான். கேட்பதில் ஞாயம் இருக்கிறது, ஒரு எண் இல்லாமல் போட்டி ருசிக்காது. ஆனால் 790 மீட்டரில் தொட்டதை, நடுக்கோட்டில் சரியாக இருந்ததை வைத்து ஈடுகட்ட முடியாது. எல்லாவற்றையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த ஈடுகட்டலுக்கு வழி விட்டதாகிவிடும். ஆகவே மொத்த மார்க் கிடையாது என்பதில் நான் இறங்கி வரப்போவதில்லை. அவன் இப்போது 500-க்குள் தொடுகிறான், இருநூறுக்குப் பக்கத்தில் எண் வருகிறது, பின்னால் நின்று பார்க்க எனக்குப் பயமில்லை.

பக்கவாட்டு அடி இன்னும் பாக்கி. குறுக்குக் காற்றில் மூக்கை நேராக்காமல் தொட்டால் கியருக்கு வரும் சுமையை எப்படி எண்ணாக்குவது என்பதில் நானும் பெரியப்பாவும் ஒத்துப்போகவில்லை. கோணத்தை மட்டும் வைத்தால் போதும் என்கிறேன், பக்கவாட்டில் நகரும் வேகமும் வேண்டும் என்கிறார் அவர். நிரலில் இப்போதைக்கு இரண்டையும் பதிவு செய்கிறேன். நவம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து நிலையாக வீசும்போது 07-க்கு அது இருபது இருபத்தைந்து டிகிரி இடப்பக்கமாக வரும். அந்தக் காற்றைச் சிமுலேட்டரில் வைத்து இரண்டு அளவையும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எதை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்யலாம் என்று பேசி வைத்திருக்கிறோம்.